மலை ஏறி இறங்கும் மணிக்கட்டு

தாண்டிக்குடியில் காபித் தோட்டம் வைத்திருக்கிற என் அண்ணனுக்குப் போன தை மாதம் அறுபதாம் கல்யாணம். பிள்ளைகள் மூன்று பேரும் பணம் போட்டு, அப்பா தினமும் கட்டிக்கொள்ள ஒரு நல்ல வாட்ச் வாங்கித் தருவது என்று நாலு மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். எந்த வாட்ச் என்பதில்தான் இழுபறி. மூத்தவள் ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர் என்றாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன் ஒமேகா சீமாஸ்டர் அக்வா டெரா என்றான். கடைசியில் சின்னவள் எனக்குப் போன் போட்டாள். “சித்தப்பா, நீங்கதான் சொல்லோணும். ரெண்டுல அப்பாவுக்கு எதுங்க சரியா வரும்?”

நான் வாட்ச் வியாபாரி இல்லை. பழனி அடிவாரத்தில் ஒரு ரிப்பேர்க் கடையின் மர ஸ்டூலில் முப்பது வருஷமாகச் சாயங்கால நேரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் கண்ணில் லூப்பை இடுக்கிக்கொண்டு திறந்து காட்டிய இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்தே கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஆனால் சின்னவள் கேட்ட கேள்விக்கு இயந்திரம் மட்டும் தெரிந்தால் போதாது. இவ்வளவு விலைப் பொருளைக் கட்டிப் பார்க்காமல் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லீவுக்கு வந்த பையன் தன் கையிலிருந்த அக்வா டெராவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் தன் எக்ஸ்ப்ளோரரைப் பெரிய மனது பண்ணிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் பதினைந்து நாள் கட்டினேன். வாரத்தில் மூன்று நாள் பழனியிலிருந்து கொடைக்கானல் போய்வருகிற பிழைப்பு எனக்கு. அதனால் இரண்டு வாட்சும் வெயிலையும் பார்த்தன, பனியையும் பார்த்தன.

அளவுகோல் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன். தினமும் கட்டுகிற வாட்ச் என்றால் காலையில் கட்டியது ராத்திரி படுக்கும்வரை கையிலேயே இருக்க வேண்டும். எத்தனை முறை அதைக் கழற்ற நேர்கிறது, ஏன் கழற்றுகிறேன் என்று சட்டைப்பை நோட்டில் குறித்தேன். கழற்றத் தோன்றும் ஒவ்வொரு தடவையும் அந்த வாட்சுக்கும் நம் வாழ்க்கைக்கும் எங்கோ ஒரு பொருத்தக் குறை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

முதலில் இரண்டும் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிடுகிறேன். 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். அந்தக் குழுவுக்குக் கடிகாரம் கொடுத்தவர்களில் ரோலக்ஸும் உண்டு, பிரிட்டனின் ஸ்மித்ஸும் உண்டு. அந்த வருஷமே எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரை ரோலக்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்தது. கறுப்பு டயல், 3, 6, 9 என்று மூன்றே எண்கள், 12 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம், தேதி கிடையாது. நான் கட்டியது 2021-ல் வந்த 36 மி.மீ. வடிவம். அக்வா டெரா வயதில் இளையது. 1948-ல் தொடங்கிய சீமாஸ்டர் குடும்பத்தில் 2002-ல் பிறந்தது. பெயருக்கு நீரும் நிலமும் என்று பொருள். கையில் இருந்தது 38 மி.மீ. அளவு. டயலில் குறுக்குவாட்டில் வரிவரியாகக் கோடுகள். சொகுசுப் படகுகளின் தேக்குப் பலகைத் தளத்தைப் பார்த்துச் செய்தது என்கிறார்கள். 6 மணி இடத்தில் தேதி. அண்ணன் அதை முதல் தடவை கையில் வாங்கிப் பார்த்தபோது அந்தக் கோடுகளைத்தான் விரலால் தடவினார். காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கோடு பாதி ஆயுளைக் கழித்த மனிதர் அவர். மரம் என்றால் கண் அங்கேதான் போகும்.

36 மி.மீ. சின்னது இல்லையா என்று இளவட்டங்கள் கேட்பார்கள். எங்கள் அப்பா கட்டியிருந்த எச்எம்டி ஜனதா ஏறக்குறைய அந்த அளவுதான். அதுதான் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை வாட்சுக்கு அளவு. பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் எச்எம்டி கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்த ஜனதாவுக்கு அண்ணன் இன்றும் தினம் காலையில் சாவி கொடுக்கிறார். காபி டம்ளரை வைத்துவிட்டு, வாட்சைக் காதருகே கொண்டுபோய், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகை முன்னும் பின்னுமாக உருட்டுவார். இந்தப் புதிய வாட்சுகள் இரண்டும் ஆட்டோமேட்டிக். கை அசைந்தாலே ஓடும். அந்தக் காலை வேலை அண்ணனுக்கு இல்லாமல் போய்விடுமே என்று எனக்கு உள்ளூர வருத்தம் இருந்தது.

இனி மலைக்கு வருகிறேன். பழனி ஊர் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்று மேலே. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை என்று 65 கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி ஏறினால் சுமார் 1,800 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, இரண்டரை மணி நேரப் பயணத்தில் கையில் இருக்கும் வாட்சைச் சுற்றியுள்ள காற்று பதினோரு, பன்னிரண்டு டிகிரி குளிர்ந்துவிடுகிறது.

வாட்சுக்குள் இதயம் போலத் துடிப்பது பேலன்ஸ் வீலும் அதோடு சேர்ந்த ஹேர்ஸ்பிரிங்கும். தலைமுடியைவிட மெல்லிய அந்தச் சுருளின் இறுக்கம் சூட்டில் தளர்ந்தால் நேரம் பின்தங்கும், குளிரில் இறுகினால் முந்தும். பழைய எஃகுச் சுருள்களின் தீராத வியாதி இது. அதற்கு மருந்து தேடியவர்களில் பெரியவர் ஷார்ல் எடுவார் கியோம் என்ற ஸ்விஸ் இயற்பியலாளர். நிக்கல் கலந்த எஃகுகளில் அவர் செய்த ஆராய்ச்சிக்கு 1920-ல் நோபல் பரிசே கிடைத்தது. இப்போது ரோலக்ஸ் நயோபியமும் சிர்கோனியமும் கலந்த நீலச் சுருளை வைக்கிறது. ஒமேகா சிலிக்கானில் வெட்டியெடுத்த சுருளை வைக்கிறது. இரண்டுக்கும் சூடு குளிர் பெரிய பொருட்டே இல்லை.

ஸ்விட்சர்லாந்தில் கடிகார இயந்திரங்களைச் சோதித்துச் சான்று தரும் கோஸ்க் என்ற அமைப்பு உண்டு. இந்த இரண்டு வாட்சின் இயந்திரமும் அங்கே தேறியவைதான். பதினைந்து நாள், ஐந்து கிடைகளில், மூன்று வெப்பநிலைகளில் சோதிக்கிறார்கள். அந்த மூன்று என்னென்ன தெரியுமா? 8, 23, 38 டிகிரி. இதைப் படித்த அன்று எனக்கு ஒரே ஆச்சரியம். 8 என்பது கொடைக்கானலில் ஜனவரி மாத விடியற்காலை. 38 என்பது கத்திரி வெயிலில் பழனி பஸ் ஸ்டாண்ட். நடுவிலுள்ள 23-ஐ எங்கள் மலைச்சாலையின் பாதியில் எங்காவது ஓரிடத்தில் தினமும் கடந்துகொண்டுதான் இருக்கிறோம். எங்கோ ஸ்விட்சர்லாந்தில் வைத்த சோதனை, எங்கள் மலை வழியை அளந்து வைத்தது போல அமைந்திருக்கிறது. நோட்டில் இந்தத் தலைப்புக்கு இரண்டு வாட்சுக்கும் பூஜ்யம். சூட்டுக்கும் குளிருக்கும் பயந்து ஒரு தடவைகூடக் கழற்றவில்லை.

ஆனால் வாட்சைப் பாதிக்காத குளிர் மணிக்கட்டைப் பாதிக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பழனியில் மதியம் கை லேசாக உப்புகிறது. அளவாகக் கட்டிய ஸ்டீல் செயின் பதிந்து தோலில் கோடு விழுகிறது. கொடைக்கானல் போய் இறங்கினால் அதே செயின் தொளதொளவென்று முன்கைக்கும் புறங்கைக்கும் இடையில் ஓடி விளையாடுகிறது. ரோலக்ஸ் செயின் பூட்டுக்குள் ஈஸிலிங்க் என்று ஒரு சின்னக் கண்ணி மடிந்து கிடக்கும். அதை நகத்தால் நெம்பினால் செயின் 5 மி.மீ. நீளும், அழுத்தினால் சுருங்கும். பெருமாள்மலை டீக்கடையில் டீ ஆறுவதற்குள் குறைத்துக்கொள்வேன், திரும்பும்போது சவரிக்காட்டில் நீட்டிக்கொள்வேன். ஐந்து மில்லிமீட்டர் என்றால் அரிசிமணி நீளம்தான். கை உணர்வதோ பெரிய விடுதலையாக. என் கையிலிருந்த அக்வா டெராவின் பூட்டு இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சி இறக்கை போல மடிந்து மூடுவது. பார்க்க அதுதான் அழகு. எங்கே பூட்டு என்றே தெரியாது. ஆனால் கொஞ்சமாக நீட்ட, குறைக்க அதில் வழி இல்லை. பழனி வெயிலில் ஆறு தடவை அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன் என்று நோட்டு சொல்கிறது. எக்ஸ்ப்ளோரருக்கு அந்தக் காரணத்தில் ஒரு தடவையும் இல்லை. மலை ஏறி இறங்குகிறவனுக்கு இது சாதாரண வித்தியாசமில்லை.

மலை என்றால் கொடைக்கானல் மட்டுமா? 693 படி ஏறிப் போகும் சிறு மலைதானே எங்களுக்கு முதல் மலை. 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைக் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. அடிவாரத்திலேயே டோக்கன் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எனக்கு அது பிடித்த ஏற்பாடு. கூட்டம் போனைப் பார்ப்பதை விட்டுச் சாமியைப் பார்க்கிறது. ஆனால் மேலே போனதும் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி, “மணி என்னங்க ஆச்சு?” சாயரட்சைக்கு இன்னும் எவ்வளவு நேரம், ரோப் காரில் கடைசி ஆள் எப்போது ஏறலாம், கீழே விட்டுவந்த பிள்ளையிடம் எத்தனை மணிக்கு வருகிறோம் என்று சொன்னோம்? பத்து வருஷமாக அலங்காரமாக மட்டும் இருந்த கைக்கடிகாரம் அங்கே மறுபடி கடிகாரமாகிறது. பிராகாரத்தில் வரிசையில் நின்றபோது ஒரே மாலையில் என்னிடம் ஒன்பது பேர் மணி கேட்டார்கள். எக்ஸ்ப்ளோரரைச் சற்றுத் திருப்பிக் காட்டினால் அவர்களே படித்துக்கொண்டார்கள். கறுப்பில் வெள்ளையாக 3, 6, 9. அக்வா டெராவில் நான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அம்பு முனை முள்ளும் வரிக்கோடுகளும் பழகின கண்ணுக்குச் சுலபம், புதுக் கண்ணுக்குச் சற்றே தாமதம்.

யானைப் பாதை வழியாக இறங்கி வந்து பஞ்சாமிர்தம் வாங்கினேன். டப்பா மூடி திறந்ததும் விரலில் பட்டது, விரலிலிருந்து செயினுக்குப் போனது. விருப்பாச்சி வாழைப்பழமும் கண்டசர்க்கரையும் தேனும் நெய்யும் சேர்ந்த அந்தப் பாகு ஸ்டீல் கண்ணிகளுக்கு நடுவே இறங்கினால் லேசில் வராது; அதன்மேல் விபூதித் துகள் வேறு படிந்தால் சாந்து மாதிரி இறுகிவிடும். வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். இரண்டு வாட்சுக்கும் இந்த அபிஷேகம் நடந்தது. எக்ஸ்ப்ளோரர் 100 மீட்டர் ஆழத்துக்கும் அக்வா டெரா 150 மீட்டர் ஆழத்துக்கும் தாங்கும் என்று சோதித்தவை. இரண்டிலும் திருகைத் திருகி இறுக்கி மூடலாம். குழாயடித் தண்ணீர் இவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. எண்ணைப் பார்த்து 150 பெரிது, 100 சிறிது என்று வாதம் செய்வதில் பயனில்லை. கொடைக்கானல் மேகமூட்டமோ வெள்ளி அருவிச் சாரலோ நூறு மீட்டர் கடல் ஆகாது. திருகைச் சரியாக மூடாமல் விட்டால் மட்டும்தான் வினை. ஈரக் காற்று உள்ளே போய், குளிர்ந்ததும் கண்ணாடிக்கு அடியில் ஆவியாய்ப் படியும்.

அடுத்தது காந்தம். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு என்னிடம் வேறொரு ஆட்டோமேட்டிக் வாட்ச் இருந்தது. திடீரென்று ஒரு நாள் காலையிலிருந்து ராத்திரிக்குள் பத்து நிமிஷம் முந்தி ஓடியது. அடிவாரத்துப் பெரியவர் அதைத் திறக்கவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து வாட்சின் பக்கத்தில் வைத்தார். முள் வெடுக்கென்று திரும்பி வாட்சைப் பார்த்து நின்றது. “காந்தம் ஏறிருச்சுங்க தம்பி. ராத்திரி எதுமேல வெக்கறீங்க?” என்றார். யோசித்துப் பார்த்தால், காந்த மூடி போட்ட போன் கவர் மேல் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் துடிப்பு குறுகி, வாட்ச் தலைதெறிக்க ஓடும். நீலப் பெட்டி ஒன்றின் மேல் வாட்சை வைத்து, பட்டனை அழுத்தியபடி மெதுவாக மேலே தூக்கினார். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

இந்த விஷயத்தில் அக்வா டெரா ஒரு படி மேல். ஸ்விஸ் அரசின் அளவியல் நிறுவனமான மீட்டாஸ் வகுத்த சோதனையில் முழு வாட்சையும் 15,000 காஸ் காந்தப்புலத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குள்ளும் ஓட வேண்டும், வெளியே எடுத்த பிறகும் நேரம் பிசகக் கூடாது. ரோலக்ஸ் சுருளும் காந்தத்துக்கு மசியாத உலோகம்தான். அன்றாடத்துக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். ஆனால் 15,000 காஸ் போன்ற ஒரு சான்று எக்ஸ்ப்ளோரருக்கு இல்லை. அண்ணன் தோட்டத்தில் காபிப் பழத்தோலை உரிக்கும் பல்ப்பரை ஓட்டும் மோட்டார் இருக்கிறது, சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது, பொங்கல் சமயத்தில் ஆள் உயர ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் போனபோது எக்ஸ்ப்ளோரரை இரண்டு தடவை கழற்றி ஜன்னலில் வைத்தேன். பழைய சூடு கண்ட பூனைப் பயம்தான், தேவையில்லாமலும் இருக்கலாம். ஆனால் கழற்றியது கழற்றியதுதான். அக்வா டெராவோடு பல்ப்பர் மேலேயே சாய்ந்து நின்றேன்.

நேரத் துல்லியம் இரண்டிலும் பெருமைப்படும்படி இருக்கிறது. ரோலக்ஸ் ஒரு நாளைக்கு 2 செகண்ட் முன்னே பின்னே போகலாம் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒமேகா பின்தங்கவே கூடாது, 5 செகண்ட் வரை முந்தலாம் என்கிறது. எனக்கு ஒமேகாவின் கணக்குப் பிடித்திருக்கிறது. மலையில் கடைசி பஸ் பிடிக்கிறவன் ஒரு நிமிஷம் காத்திருந்துவிடலாம், தவறவிட்டால் ராத்திரி முழுக்கப் பெருமாள்மலையில் உட்கார வேண்டும். கழற்றி வைத்தால் எக்ஸ்ப்ளோரர் 70 மணி நேரம் ஓடும், இந்த அக்வா டெரா 55 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழற்றினால் அது திங்கள் அதிகாலை ஒரு மணிக்கு நின்றுவிடும். எக்ஸ்ப்ளோரர் திங்கள் மாலைவரை தாக்குப்பிடிக்கும். தினமும் கட்டுகிறவருக்கு இந்தப் பதினைந்து மணி நேரம் பெரிய விஷயமில்லை.

நேரம் மட்டும்தான் வேண்டும் என்றால் இரண்டுமே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஒசூரில் செய்யும் டைட்டன் குவார்ட்ஸ் வாட்ச் ஒன்று சில ஆயிரத்துக்கு இவற்றைவிடத் துல்லியமாக ஓடும். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய அந்த நிறுவனத்தின் வாட்ச் ஒன்று என் கையில் இருபது வருஷம் இருந்தது. ஆனால் பேட்டரி இல்லாமல், கையின் அசைவை வாங்கி, இரும்பும் சுருளும் பல்சக்கரமுமாகவே ஒரு பொருள் உயிரோடு ஓடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. பிள்ளைகள் அப்பாவுக்குக் கொடுக்க நினைத்தது அந்த மரியாதையை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ரோலக்ஸ் சப்மரைனர், சீமாஸ்டர் டைவர் போன்றவையும் பேச்சில் வந்தன. முந்நூறு மீட்டர் ஆழமும் திருப்பும் வளையமும் தாண்டிக்குடிக் காபிக் களத்தில் எதற்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டோம்.

வாங்குவதிலும் பராமரிப்பதிலும் வித்தியாசம் உண்டு. இரண்டுக்கும் ஐந்து வருஷ உத்தரவாதம் கிடைக்கிறது. ரோலக்ஸ் பத்து வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் போதும் என்கிறது, ஒமேகா ஐந்திலிருந்து எட்டு வருஷத்துக்குள் என்கிறது. இரண்டையும் அடிவாரத்துப் பெரியவரால் பழுது பார்க்க முடியாது. கையில் வித்தை இருந்தாலும் உதிரி பாகம் வெளியே கிடைக்காது. பெருநகரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். எக்ஸ்ப்ளோரரை அங்கீகாரம் பெற்ற கடையில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அக்வா டெரா கேட்டால் கிடைக்கிறது. பிற்பாடு விற்றால் ரோலக்ஸ்தான் விலை போகும் என்று மூத்தவள் சொன்னது சரியே, ஆனால் அப்பாவுக்கு வாங்கும் வாட்சை விற்பதைப் பற்றி அந்தப் பேச்சில் வேறு யாரும் மேலே கேட்கவில்லை. ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்விஸ் கடிகாரத்தின் சுங்க வரி படிப்படியாகக் குறையும் என்பதால் பையன் இன்னும் பொறுக்கலாமே என்றான். அறுபது பொறுக்காது என்று சின்னவள் அவன் வாயை அடைத்தாள். 2 லட்சமோ அதற்கு மேலோ கடைக்காரர் ரொக்கமாக வாங்கச் சட்டம் இடம் தராது. பில்லை நெல்மணி மாதிரிப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். ஓர் அரசியல் தலைவரின் வாட்சுக்குப் பில் எங்கே என்று 2022 டிசம்பரில் தொடங்கித் தமிழ்நாடே பேசியது யாருக்கும் மறந்திருக்காது.

இதுவரை என் நோட்டின்படி எக்ஸ்ப்ளோரர்தான் முன்னால் நின்றது. ராத்திரி வடகவுஞ்சிப் பக்கம் காட்டெருமைக் கூட்டம் ரோட்டைக் கடக்கக் காத்திருந்தபோது, வண்டி விளக்கை அணைத்துவிட்டு அதன் நீல வெளிச்சத்தில் மணி பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மெல்லிசு, முழுக்கைச் சட்டைக்குள் தானாக வழுக்கி நுழைகிறது. எனக்கு என்று கேட்டால் இரண்டாவது யோசனையே இல்லாமல் அதையே எடுப்பேன்.

அண்ணனுக்கு என்று யோசித்தபோதுதான் நோட்டு போதவில்லை என்று புரிந்தது. மலை ஏறி இறங்கும் மணிக்கட்டு என்னுடையது. அண்ணன் தாண்டிக்குடியை விட்டு மாதம் ஒருமுறை இறங்கினால் அதிகம். கை உப்பும் தொந்தரவு அவருக்கு இல்லை. அப்படியே வந்தாலும் ஒரு ரப்பர் ஸ்ட்ராப் மாட்டினால் தீர்ந்தது. எக்ஸ்ப்ளோரரை ஒரு சனிக்கிழமை அவர் கையில் கட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில், “டேய், தேதி எங்கடா?” என்றார். காய வைத்த காபிக்குத் தேதி, உரம் போட்டதற்குத் தேதி, ஆள் வந்ததற்குத் தேதி. அவர் நாளெல்லாம் கேட்பது தேதியைத்தான். மணி அவருக்கு வெயில் சொல்லிவிடும்.

மாலையில் கூலி கொடுக்க உட்கார்ந்தார். திண்ணையில் பெஞ்சு, ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டு, பெயர் எழுதின நீள நோட்டு. வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணின் பையன், பத்து வயசிருக்கும், அண்ணன் கையைப் பார்த்துவிட்டு அம்மாவின் காதில், “ரோலக்ஸும்மா” என்றான். 2022-ல் ‘விக்ரம்’ படத்தில் சூர்யாவுக்கு வைத்த பெயர் மலை உச்சிக் குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கூலியை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அண்ணன் அடுத்த ஆளைக் கூப்பிடும் முன்பு நீள நோட்டுக்குக் கீழே கையைக் கொண்டுபோய் வாட்சைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். என்னைப் பார்க்கவும் இல்லை. அந்தக் கழற்றலைத்தான் நான் நோட்டில் கடைசியாக எழுதினேன். எக்ஸ்ப்ளோரரின் இயந்திரத்திலோ செயினிலோ ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அதைக் கழற்றுவார். கழற்றியாக வேண்டிய வாட்ச் அவருக்கு அன்றாட வாட்ச் ஆகாது.

அடுத்த சனிக்கிழமை அக்வா டெராவைக் கட்டிக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார். விலையில் அது ஒன்றும் ஏழையில்லை. அதுவும் பல லட்சம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனும் கையை ஒளிக்கவில்லை. நீள நோட்டில் தேதி போடும்போது இரண்டு தடவை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சின்னவளிடம் அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். மூத்தவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். “அப்பா வாழ்நாள்ல ஒரு ரோலக்ஸ் கட்டோணும்னு ஆசைங்க சித்தப்பா” என்றாள். அந்த ஆசையில் குற்றமில்லை. சனிக்கிழமைத் திண்ணையைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு, “அப்பா அப்படித்தான்” என்றாள். தை மாதம் மணையில் உட்கார வைத்து மூன்று பேரும் சேர்ந்து கட்டிவிட்டார்கள்.

மார்ச் 1 அன்று காலை தோட்டத்துக்குப் போயிருந்தேன். கடைசிக் காய் பறித்து முடிந்து, பார்ச்மெண்ட் காபி களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் சாக்கில் தேதி எழுத மார்க்கர் பேனாவைத் திறந்தவர், வாட்சைப் பார்த்துவிட்டு நின்றார். அது 29 என்று காட்டியது. பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டுத்தான் ஒன்றுக்கு வரும். திருகைத் தளர்த்தி ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பச் சொன்னேன். காபி டம்ளரைத் திண்டில் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழகின இடத்துக்குப் போயின. வாட்சைக் காதருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு திருப்பினார். முப்பது, முப்பத்தொன்று, ஒன்று. திருகை அமுக்கி இறுக்கிவிட்டு, சாக்கில் 1-3 என்று எழுதினார்.